கலைச்சொல் முன்மொழிவு: 'டேஸ் ஆஃப் ஆட்டானமி' – தாங்குநாள்

அன்புள்ள நண்பர்களுக்கு, பினாங்கிலிருந்து வணக்கம்.

கேரவன் மின்சாரக் கையேட்டின் சொற்பட்டியலில் முடிவாகாமல் நிற்கும் ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். முழுவதும் மின்னேற்றிய பேட்டரி, மறுபடி ஏற்றாமல் நம் அன்றாடச் செலவுக்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும் என்பதைச் சூரிய மின்துறையினர் 'டேஸ் ஆஃப் ஆட்டானமி' என்கிறார்கள். சென்னை நண்பர் 'தன்னாட்சி நாள்' என்றார். ஈப்போ ஆசிரியர் அம்மா, மக்களுக்குப் பழகிய 'பேட்டரி ஆயுள்' போதும் என்றார்கள். இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

தன்னாட்சி என்றதும் கல்லூரியும் மாநில உரிமையும்தான் நினைவுக்கு வருகின்றன. குளிர்பெட்டி நின்றுவிடுமோ என்று கவலைப்படுகிறவருக்கு அது எதையும் சொல்லாது.

'ஆயுள்' அப்படியல்ல, அது தவறான பொருளையே தந்துவிடும். ஆயுள் என்பது பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது. நாம் தேடுவதோ ஒருமுறை ஏற்றியது எத்தனை நாள் வரும் என்பது. ஈய-அமில பேட்டரியில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தின்னும். 100 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது. ஓய்வு நிலையில் 12.7 வோல்ட் காட்டியது 12.1 அளவுக்கு வந்தால் பாதி தீர்ந்தது என்று கொள்ளலாம். அதற்குக் கீழேயும் இறக்கினால் இந்தப் பயணத்துக்குச் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அடிக்கடி அப்படிச் செய்தாலும், இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தாலும், தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டுப் பேட்டரி சீக்கிரமே வீணாகிவிடும். "ஆயுளைக் கூட்ட பேட்டரியை முழுவதும் பயன்படுத்துங்கள்" என்று கையேட்டில் ஒரு வரி வந்துவிட்டால், அதை நம்பிச் செய்கிறவரின் பேட்டரி போய்விடும். இரண்டு பொருளுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

என் முன்மொழிவு: தாங்குநாள்.

தெலுக் பாஹாங் கடற்கரையோரம் கேரவனை நிறுத்தியிருந்தபோது, என் அத்தை அளவுமானியைப் பார்த்துவிட்டு, "தம்பி, நாளை மறுநாள் வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார். வோல்ட் என்றால் என்னவென்று அறியாதவர், கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டார். அரிசி மாதக் கடைசிவரை தாங்கும், செருப்பு ஒரு வருடம் தாங்கும் என்பது நம் வீட்டுப் பேச்சு. இலக்கணத்திலும் குறையில்லை: சுடுகாடு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை, ஆகவே நடுவே ஒற்று மிகாது.

எண்ணால் சோதித்துப் பார்ப்போம். 12 வோல்ட் குளிர்பெட்டி ஓடும்போது 45 வாட் இழுக்கிறது, பாதி நேரம் ஓடுகிறது என்று கொண்டால் நாளுக்குச் சுமார் 45 ஆம்பியர்-மணி (45 வாட் × 12 மணி ÷ 12 வோல்ட்). விளக்கு, மின்விசிறி, கைப்பேசிக்கு 15. ஆக 60. ஈய-அமிலத்தில் 50 எடுத்தால் தாங்குநாள் 0.8, அதே கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 எடுத்தால் 1.3. கேமரன் மலைக்குப் போனால் அங்குள்ள குளிரில் குளிர்பெட்டி குறைவாக ஓடும். அதன் செலவு 30 ஆகக் குறைந்தால் மொத்தச் செலவு 45 ஆகி, அதே லித்தியம் 1.8 நாள் தாங்கும். பேட்டரி மாறவில்லை, தாங்குநாள் மாறியது. எனவே வரையறையில் 'குறித்த அன்றாடச் செலவுக்கு' என்ற தொடர் கட்டாயம் இருக்க வேண்டும்.

சூரியத் தகடு தருவதை இதில் சேர்க்கக் கூடாது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் தகட்டை நம்பிக் கணக்குப் போட முடியாது. தகடு கைவிட்ட நாளுக்காகத்தான் இந்த அளவே இருக்கிறது.

'தாங்கு' என்றால் எடையைச் சுமப்பதாகத் தோன்றாதா என்று கோலாலம்பூர் அண்ணன் கேட்டிருந்தார். பின்னால் 'நாள்' வந்தவுடன் அந்த ஐயம் நீங்கிவிடுகிறது. 'தாங்குதிறன்' வேறு துறைகளில் ஏற்கெனவே புழங்குவதால் அதை நான் தொடவில்லை. 'இருப்புநாள்' என்பதும் நல்ல சொல்தான். ஆனால் கடையில் பேட்டரி கிடந்த காலம் என்று படிக்க இடமுண்டு.

ஒரு நாளுக்கும் குறைவான அளவுக்குத் 'தாங்குநேரம்' என்று வைத்துக்கொள்ளலாமா? 'தாங்குமணி' எனக்கு ஒலியிலும் பொருளிலும் ஒட்டவில்லை. மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் இதையே ஏற்றிவிடுகிறேன்.