12 முதல் 15 வயது மாணவர்களுக்குப் பளுப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் பள்ளியில் 12 முதல் 15 வயது வரையுள்ள மாணவ மாணவியருக்கு மாலை வேளைகளில் வாலிபால் பயிற்சி அளித்து வருகிறேன். அண்மையில் முன்னாள் மாணவர்கள் ஒரு பளுக்கம்பி, தட்டுகள், சில டம்பெல்கள் ஆகியவற்றை நன்கொடையாக அளித்தார்கள். ஆனால், பளு தூக்கினால் பிள்ளை உயரமாக வளராது என்று பெற்றோர் பலர் தடுக்கிறார்கள். வாலிபாலில் உயரத்துக்கு உள்ள மதிப்பை அறிந்தவன் என்பதால், அந்த அச்சத்தை என்னால் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. இதில் உண்மை எவ்வளவு? தொடங்குவதானால் எவ்வளவு எடையில் தொடங்கலாம்?

பதில்: பளுதூக்குதல் பயிற்றுநர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முறையாகத் திட்டமிட்டு, அருகிலிருந்து கண்காணித்து அளிக்கப்படும் பளுப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. எலும்பு நீள்வதற்குக் காரணமான, எலும்பு முனைகளில் இன்னும் இறுகாத குருத்தெலும்புப் பகுதி பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் மேற்பார்வையின்றி, தவறான முறையில், தாங்க முடியாத எடையைத் தூக்கியதால் நேர்ந்தவை. ஆகவே பெற்றோரிடம் பேசும்போது, பயிற்சி நடக்கும் நேரம் முழுவதும் நீங்கள் உடனிருப்பீர்கள் என்ற உறுதியை முதலில் கொடுங்கள்.

எடையைப் பொறுத்தவரை, உங்களுக்குக் கிடைத்த கம்பியை உடனே எடுக்க வேண்டாம். வழக்கமான ஆண்கள் கம்பி தட்டுகள் இல்லாமலேயே 20 கிலோ இருக்கும். 35 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அதுவே பெரும் சுமை. 2018-இல் புவெனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில், 15 வயதில் பளுதூக்குதலில் தங்கம் வென்ற மிசோரமின் ஜெரிமி லால்ரின்னுங்கா, தொடக்கத்தில் மூங்கில் கழியை வைத்தே தூக்கும் முறையைக் கற்றதாகக் கூறியிருக்கிறார். உங்கள் மாணவர்களுக்கும் ஒரு துடைப்பக் கழி போதும். அதைத் தோளில் வைத்துப் பஸ்கி போடச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: குதிகால் தரையை விட்டு எழுகிறதா, கீழே இறங்கும்போது இடுப்பு உள்ளே மடங்கி முதுகு வளைகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். இவை சீராகும் வரை எடை சேர்க்க வேண்டாம். பிறகு வாரம் இரண்டு நாள், இடையில் ஓய்வு விட்டு, 10 முதல் 15 முறை செய்யக்கூடிய இலேசான எடையில் ஒன்றிரண்டு செட்டுகள் (சுற்றுகள்) செய்யட்டும். அது எளிதானதும் 5 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம்.

பூப்புக்கு முந்தைய வயதில் வலிமை கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால்தான். எனவே புஜம் பருக்கவில்லையே என்று பிள்ளைகள் சோர்ந்தால், முன்னேற்றம் இல்லை என்று நீங்களும் நினைத்துவிடாதீர்கள்.

பதில்: இயன்முறை மருத்துவர்

மேலே கூறியதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: வயதை மட்டும் பார்த்துக் குழு பிரிக்காதீர்கள். பெண்களுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் வரும். ஆனால் ஒரே வகுப்பிலேயே இது ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாக இருக்கும். மாதம் ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரத்தை அளந்து குறித்து வாருங்கள். திடீரென உயரத் தொடங்கிய மாணவர் நேற்று வரை இயல்பாகச் செய்த அசைவிலும் தடுமாறலாம். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலிக்கிறது என்றோ குதிகால் வலிக்கிறது என்றோ சொல்லலாம். அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது பெரும் தவறு. அக்காலத்தில் குதிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, வலி நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். வாலிபாலில் ஒரு மாலையில் எத்தனை முறை குதிக்கிறார்கள் என்பதை நாம் கணக்கில் வைப்பதே இல்லை. பளுப் பயிற்சியை அதற்கு மேல் ஏற்றாமல், குதிப்பு குறைவாக உள்ள நாளில் வையுங்கள். மாணவியர் தரையிறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். முழங்கால் தசைநார் கிழிவது பதின்வயதுப் பெண்களுக்கு அதிகம். மென்மையாகத் தரையிறங்கப் பழக்குவதும் தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்துவதும் அதைக் குறைக்க உதவும்.

கேள்வியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒருவர் அதிகபட்சமாக எவ்வளவு தூக்குவார் என்று பார்த்து, அதிலிருந்து பயிற்சி எடையைக் கணக்கிடலாமா? சில பயிற்சியாளர்கள் அவ்வாறு செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: பளுதூக்குதல் பயிற்றுநர்

உங்கள் மாணவர்களுக்கு இப்போது அது தேவையில்லை. நண்பர்கள் சுற்றி நின்று உற்சாகப்படுத்தும்போது எந்தச் சிறுவனும் முறையைக் கைவிட்டாவது எடையைத் தூக்கப் பார்ப்பான். கடைசி இரண்டு முறையும் முதல் முறையைப் போலவே சுத்தமாக இருந்தால் எடை சரியானது. முதுகு வளைந்தால் அந்த செட்டை அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்த செட்டுக்கு எடையைக் குறைத்துக் கொடுங்கள்.