திண்டுக்கல்லில் எந்த மாதம் எந்தப் பழத்தை வாங்கலாம்?

புதுக்குடித்தனம் (கேள்வி):

வணக்கம். பணி மாற்றலால் அண்மையில் சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் குடிவந்திருக்கிறோம். வீட்டில் என் மாமனாரும் மாமியாரும், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருவர் நாளொன்றுக்கு 100 கிராம் பழம் உண்ண வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் படித்ததிலிருந்து, வீட்டில் அதைக் கடைப்பிடிக்க முயன்று வருகிறேன். சென்னையில் இருந்தவரை ஆப்பிள், மாதுளை, வாழை என்ற மூன்றுக்குள்ளேயே எங்கள் பழக்கூடை அடங்கிவிட்டது. இங்கே மலையும் சமவெளியும் அருகருகே இருப்பதால், குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவதை நம்பியிராமல், சுற்றுவட்டாரத்தில் அந்தந்தப் பருவத்தில் பழுப்பதையே ஆண்டு முழுவதும் வாங்கி உண்ணலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். கோடையைப் பற்றிக் கவலை இல்லை. ஐப்பசியிலிருந்து தை வரை என்ன கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை. கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தை அடையாளம் காண்பது எப்படி என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நத்தம் மாந்தோப்பு:

மாம்பழத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்களுக்கு நத்தம் பக்கம் தோப்பு இருக்கிறது. பங்குனி மாதத்திலேயே கடை முகப்பில் மஞ்சள் மஞ்சளாக அடுக்கி வைத்திருந்தால், முதல் வரத்துக்குக் கிடைக்கும் விலைக்காக விளையாத காயைப் பறித்துப் பழுக்க வைத்திருக்கக்கூடும் என்று ஐயப்படலாம். எங்கள் பக்கத்தில் செந்தூரமும் பங்கனப்பள்ளியும் சித்திரையில் தொடங்கும். இமாம்பசந்தும் மல்கோவாவும் வைகாசி, ஆனியில் வரும். எல்லாவற்றுக்கும் கடைசியாக வருவது நீலம். பூக்கும் காலத்தில் பெய்யும் மழையைப் பொறுத்து இந்தக் கணக்கு சற்று முன்பின்னாகும்.

நீங்கள் கேட்ட கல், கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டதும் அது அசிட்டிலின் வாயுவை வெளிவிடும். ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்றவற்றின் எச்சமும் அதில் இருக்கும் என்பதால், 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் பழங்களைப் பழுக்க வைக்க அதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயு வேறு. பழுக்கும் பழமே அதைச் சுரக்கிறது, 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதியும் உண்டு. ஆகையால், அறையில் வைத்துப் பழுக்க வைத்த பழம் எல்லாமே நஞ்சு என்று அஞ்ச வேண்டாம். தோல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகியும் காம்படியில் மணமே இல்லாமலிருந்தால், அறுத்துப் பார்க்கும்போது கொட்டையை ஒட்டிய சதை வெளிறிப் புளித்தால், சந்தேகப்படலாம். இதை உறுதியான சோதனை என்று நான் சொல்ல மாட்டேன். பிஞ்சில் பறித்த காய், எந்த வழியில் பழுக்க வைத்தாலும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

விளைந்த காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலில் வைத்துப் பழுக்க வைப்பதே மேல். காம்பைச் சுற்றித் தோள் உப்பி, காம்பு பள்ளத்தில் அமர்ந்திருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். நீலத்தை அறுக்கும்போது சில சமயம் கொட்டைக்குள்ளிருந்து கறுத்த வண்டு ஒன்று வெளியே வரும். காய் சிறிதாக இருக்கும்போது தோலில் இட்ட முட்டையிலிருந்து வந்த புழு கொட்டைக்குள் போய் வளர்ந்தது அது; போன வழி காய் வளர்கையில் மூடிக்கொண்டுவிடும். பெரும்பாலும் சதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பழத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

தாண்டிக்குடி மலைச்சாலை:

கேட்டவர் பனிக்காலத்தை நினைத்துக் கவலைப்படுகிறார். என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தில் பழம் தின்பதற்குக் கோடையைவிட அதுவே நல்ல காலம். ஆயக்குடிக் கொய்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும்போது பழுக்கும் கொய்யாவில் நீர்ச்சுவை மிகுந்திருக்கும், பழ ஈயின் புழுவும் இருக்கும். பனி விழத் தொடங்கிய பிறகு வரும் காய்ப்பில் புழுவும் குறைவு, இனிப்பும் கூடுதல். மழை விட்டுச் சில நாள் கழித்து வாங்குவது நல்லது. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களுக்கிடையே விளையும் கமலா ஆரஞ்சும் கார்த்திகை, மார்கழி, தையில்தான் வத்தலக்குண்டுக்கு இறங்கி வரும். நோய் தாக்கி மரங்கள் பெருமளவு அழிந்துபோனதால் முன்போல வரத்து இல்லை என்பது உண்மை. தோல் தொளதொளவென்று சதையை விட்டு விலகியிருந்தால் அது மலைப்பழம் என்று கொள்ளலாம். கடையில் பளபளவென்று இருக்கும் பழத்தைப் பார்த்துவிட்டு இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

மலைவாழைக்குப் பருவமே பார்க்க வேண்டாம். சிறுமலை, விருப்பாச்சி இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. முடிக்கொத்து நோயால் 1970களில் அழிவின் விளிம்புக்குப் போய் மீண்டவையும்கூட. சென்னையில் பழகியவர்கள் கறுத்துச் சுருங்கிய தோலைக் கண்டு அழுகல் என்று நினைத்துவிடுவார்கள். உரித்துப் பாருங்கள்: நீர்ப்பதம் குறைந்து, சதை கெட்டியாக, இனிப்போடு இலேசான புளிப்பும் சேர்ந்திருக்கும். பழனிப் பஞ்சாமிர்தம் நாள்பட இருப்பதற்கு இந்தப் பழமும் ஒரு காரணம்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் அப்படியே. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் (கொடியின் கிளைகளை வெட்டிவிடும்) நாள் மாறுவதால், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். அதற்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது இயற்கையான மெழுகுப் படலம். அதை மருந்து என்று எண்ணித் தேய்க்க வேண்டியதில்லை. ஆனால், மருந்தடிப்பும் உண்டு என்பதால் நன்றாக அலசாமல் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

ஆடி, ஆவணியில் கொடைக்கானல் பேரிக்காயும், கடைக்காரர்கள் பட்டர் ஃப்ரூட் என்று சொல்லும் வெண்ணெய்ப்பழமும் வரும்.

கொடுக்காப்புளி:

முன்னவர்கள் சொன்ன பழங்களை எல்லாம் கடையில் எடை போட்டு வாங்கிவிடலாம். கூறு கட்டி விற்கும் பழங்களை யாரும் குறிப்பிடவில்லையே என்று எழுதுகிறேன். மாசி, பங்குனியில் கொடுக்காப்புளி, சித்திரையில் நுங்கு, ஆனி, ஆடியில் நாவல், பொங்கலை ஒட்டி இலந்தை என்று சந்தை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களிடம் இவை கிடைக்கும். இவற்றில் பல, யாரும் பயிரிடாத மரங்களில் பறித்தவை. பிள்ளைகளுக்கு நாவல் வாங்கும்போது வெள்ளைச் சட்டையை மாற்றிவிட்டுக் கொடுங்கள். கறை எளிதில் போகாது.

விநாயகர் சதுர்த்தியை ஒட்டி விளாம்பழம் வரும். ஓர் அடி உயரத்திலிருந்து தரையில் போட்டால் காய் துள்ளும், பழம் துள்ளாது. ஓட்டை உடைத்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து கொடுத்தால் பெரியவர்களும் விரும்பிச் சாப்பிடுவார்கள். ஆவணி தொடங்கிக் கார்த்திகை வரை சீத்தாப்பழம் கிடைக்கும். கண்கள் விரிந்து, இடையில் உள்ள கோடு வெளிர்மஞ்சளாக மாறியிருக்கும் காயை வாங்கினால் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். கண்கள் நெருக்கமாக, முழுப் பச்சையாக இருக்கும் காய் பழுக்காமலே கறுத்துப் போகும்.

புதுக்குடித்தனம்:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. மாமனாருக்குப் பல் வலுவில்லாததால் கொய்யாவைக் கடிக்க முடியாது. பிள்ளைகளோ ஆப்பிளை விடமாட்டேன் என்கிறார்கள்.

தாண்டிக்குடி மலைச்சாலை:

நன்கு கனிந்த கொய்யாவை மசித்து, சல்லடையில் தேய்த்து விதையை நீக்கிவிட்டால் பெரியவருக்குச் சிரமம் இருக்காது. சிறுமலைப் பழத்துக்கும் பப்பாளிக்கும் பல்லே தேவையில்லை. ஆப்பிளை விலக்க வேண்டாம். காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெரும்பகுதி அறுவடை நடப்பதால், அந்த மாதங்களில் வருவதை வாங்கிக் கொடுங்கள். சித்திரை, வைகாசியில் விற்கும் உள்நாட்டு ஆப்பிள் பல மாதம் கிடங்கில் இருந்தது. அப்போது நத்தத்து மாம்பழம் வீட்டுக்கு வந்துவிட்டால் பிள்ளைகள் ஆப்பிளைக் கேட்கப் போவதில்லை.