ரைசன் 3600-ஐ ஓவர்கிளாக் செய்ய உதவி வேண்டும்

வணக்கம். என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, பெட்டியோடு வந்த கூலர்தான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு ரெண்டர் போட்டால் விடிய விடிய ஓடுகிறது. கொஞ்சமாவது வேகம் கூட்டலாம் என்று பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போனேன்.

மல்டிபிளையரை 41 ஆக்கி (அதாவது 4.1 கிகாஹெர்ட்ஸ் வேகம்), வோல்டேஜை 1.275 வோல்ட்டில் நிறுத்தினேன். விண்டோஸ் ஒழுங்காக ஏறியது. ஆனால் பிராசசருக்கு முழு லோடு கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஓட்டினால் மூன்றாவது நிமிடத்திலேயே 91 டிகிரி, ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துகிறது. அப்புறம் திரை உறைந்து தானாக ரீஸ்டார்ட். இந்தச் சில்லுக்கு உச்ச வரம்பே 95 டிகிரிதான். மதுரை வெயிலில் என் அறையே 36 டிகிரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1.35 வரை ஏற்றினால் நிற்கும் என்கிறான் நண்பன். (அவன் வீட்டில் ஏசி இருக்கிறது.) எனக்குப் பயம். வோல்டேஜ் துளி கூடினாலும் சூடு அதைவிட வேகமாக ஏறும், சில்லின் ஆயுளும் குறையும். அதனால் இப்போதைக்கு எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன்.

முதலில் டவர் கூலர் வாங்குவதா, இல்லை கையால் எதையும் திருகாமல் பிபிஓ-வை (சில்லே தன் வேகத்தைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் வசதி) மட்டும் போட்டுவிட்டால் போதுமா? பட்ஜெட் இரண்டாயிரம் ரூபாய்க்குள். இதே சில்லை வைத்திருப்பவர்கள் உங்கள் வோல்டேஜையும், முழு லோடில் வரும் வெப்பத்தையும் சொன்னால் உதவியாக இருக்கும்.