உடல்நல அளவீடுகள் பதற்றமாக மாறாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். உடல்நலத்தில் அக்கறை கொண்டு ஸ்மார்ட் கடிகாரம் அணியத் தொடங்கிய எனக்கு, காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று உணர்வதற்கு முன்பே தூக்க மதிப்பெண்ணைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அது குறைந்திருந்தால், நன்றாகத் தூங்கியதாகத் தோன்றிய நாளிலும் சோர்வு ஒட்டிக்கொள்கிறது. நாடித்துடிப்பு சற்று ஏறினால் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க அது இன்னும் ஏறுகிறது. ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே கவனிக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பதால் அளப்பதை அடியோடு நிறுத்தவும் இயலாது. என்ன செய்வது?

மறுமொழி 1:
தூக்கத்தின் அளவீட்டைச் சரியாக்க முனைந்து தூக்கத்தையே கெடுத்துக்கொள்ளும் இந்தப் போக்குக்கு, 2017ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரிட்டார்கள். ஆகவே இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. தூக்க ஆய்வகத்தில் மூளை அலைகளையும் கண்ணசைவையும் தசை இறுக்கத்தையும் பதிவு செய்துதான் தூக்க நிலைகளைப் பிரிக்கிறார்கள். மணிக்கட்டில் இருக்கும் கருவியோ கை அசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டு அவற்றை ஊகிக்கிறது. மொத்தமாகத் தூங்கிய நேரத்தை அது ஓரளவு சொல்லிவிடும். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அது காட்டுவதை நம்பி ஒரு நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காலை அறிவிப்பை அணைத்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மொத்தப் போக்கைப் பாருங்கள்.

மறுமொழி 2:
ரத்த அழுத்தத்தை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஏனெனில் அதை அளப்பதற்கு உங்களிடம் தெளிவான காரணம் இருக்கிறது. அளப்பதற்கு முந்தைய 30 நிமிடங்களில் காபி, புகை, உடற்பயிற்சி மூன்றையும் தவிர்த்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து 5 நிமிடம் பேசாமல் அமர்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் இப்படி ஒரு வாரம் எடுத்த அளவுகளின் சராசரிதான் மருத்துவருக்குப் பயன்படும். வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85 என்பதை எல்லையாகப் பலரும் கொள்கிறார்கள் என்றாலும், உங்களுக்குரிய எல்லை எது, எந்த அளவில் அவரை அழைக்க வேண்டும் என்பதை இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மூன்றாம் முறை, நான்காம் முறை அளந்தால் அந்தப் பதற்றமே அளவை உயர்த்திக் காட்டும். ஆனால் 180/120க்கு மேல் போய், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் காத்திருக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாடித்துடிப்பையும் இப்படியே வரையறுத்துக்கொள்ளலாமா? தினமும் 10,000 அடி நடக்காவிட்டாலும் மனம் உறுத்துகிறது.

மறுமொழி 3:
அந்த 10,000 மருத்துவம் வகுத்த எல்லையன்று; 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. அதைவிடக் குறைவாக நடந்தாலும் நன்மை உண்டு. ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, தூக்கமின்மை, அச்சம் ஆகிய எதுவும் அதை ஏற்றக்கூடும். எனவே கடிகாரத்தின் முகப்பிலிருந்து அந்த எண்ணை நீக்கிவிடுங்கள். மயக்கம், படபடப்பு போன்றவை இருந்தாலோ, துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாகக் கருவி மீண்டும் மீண்டும் எச்சரித்தாலோ ஈசிஜி எடுத்துப் பார்ப்பதே முறை. இவற்றையெல்லாம் செய்த பின்னும் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால், அந்தத் தவிப்பையும் அடுத்த முறை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.