கூபர் பீடிக்குப் போகலாமா?

நாகர்கோவில்காரி: ஜூலையில் அம்மாவோடு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டரில் கூபர் பீடி என்று ஓப்பல் என்ற ரத்தினக்கல்லைத் தோண்டி எடுக்கும் ஒரு சுரங்க ஊர் இருக்கிறதாமே, அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கத் தகுமா?

தக்கலை தம்பி: கண்டிப்பாகப் போங்க அக்கா. 1915-இல் ஓப்பல் கிடைத்த ஊர். வெயில் தாங்காமல் நிறையப் பேர் பாறையைக் குடைந்து தரைக்கடியில்தான் குடியிருக்கிறார்கள், சுவரில் இயந்திரம் கீறிய தடம்கூட அப்படியே தெரியும். செர்பியர்களின் தேவாலயமும் தரைக்கடியில்தான், அதை மட்டும் விட்டுவிடாதீங்க!

நாகர்கோவில்காரி: சரி, வேறென்ன?

குளச்சல்காரன்: கோல்ஃப் மைதானம். புல்லே கிடையாது, வெறும் மண். சின்னப் புல்விரிப்புத் துண்டு ஒன்றைக் கையோடு தூக்கிப்போய், அதில் பந்தை வைத்து அடிப்பார்கள். அப்புறம், ஊரைச் சுற்றி மூடாத சுரங்கக் குழிகள் ஏராளம், போட்டோ எடுக்கிறேன் என்று பின்னால் நடக்கவே கூடாது. ஜூலை அங்கே குளிர்காலம், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.