ஒரே குண்டு, இரண்டு குழல்

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தான் வருடக்கணக்காக மான் வேட்டையாடிய ரெமிங்டன் 722 ரைஃபிளை, கண் மங்கிவிட்டதால் எனக்கு விற்றார். டீலர் வழியாக முறைப்படி மாற்றிக்கொண்டோம். .244 ரெமிங்டன் காலிபர். அதில் அவர் போட்டதெல்லாம் 90 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அளவு) ஈயக் குண்டு.

ஆனால் இங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலோடு ஈயத் துணுக்குகளையும் தின்று காண்டோர் கழுகுகள் செத்துக்கொண்டிருந்தன. அந்தச் சட்டத்தை மனமார ஆதரிக்கிறேன். 80 கிரெயின் செம்புக் குண்டு வாங்கி நானே தோட்டா நிரப்பினேன். 90 ஓடிய குழலில் 80 ஓடாதா என்ன?

ரேஞ்சில் 100 கஜத்தில் ஐந்து சுட்டேன். தாளில் பட்டது மூன்று. ஒன்றுகூட வட்டத் துளை இல்லை. குண்டு புரண்டு பக்கவாட்டில் மோதிய நீளக் கிழிசல்கள். ‘கீஹோல்’ என்பார்கள். நெஞ்சுக்குக் குறி வைத்து வயிற்றில் பட்டிருந்தால் அந்த மான் எத்தனை மணி நேரம் துடித்திருக்கும் என்று நினைத்து அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் குழலை அளந்தேன். துப்புரவுக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி, கம்பியில் ஒரு கோடு போட்டு உள்ளே தள்ளினால், குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் பள்ளமான புரியோடு சேர்ந்து கம்பியும் சுழலும். கோடு ஒரு முழுச் சுற்று வர எவ்வளவு தூரம் போகிறதோ அதுதான் ட்விஸ்ட். எனக்கு 12 அங்குலம் வந்தது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்றால் மெதுவான முறுக்கு.

அப்போதுதான் விளங்கியது. குழலுக்கு எடை தெரியாது, நீளம்தான் தெரியும். செம்பு ஈயத்தைவிட லேசு. அதனால் 80 கிரெயின் செம்பு 90 கிரெயின் ஈயத்தைவிட நீளம். நீளமான குண்டு நிலைகுலையாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும்.

இந்தக் காலிபருக்கு இது பழைய கதையும்கூட. 1955-இல் போட்டி நிறுவனமான வின்செஸ்டர் .243 காலிபரை 10 அங்குல முறுக்கோடு கொண்டுவந்தது. அதே வருடம் ரெமிங்டன் .244-க்கு 12 வைத்தது. சின்ன விலங்குகளைத் தூரத்தில் சுடுபவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. மானுக்கு 100 கிரெயின் கேட்டவர்கள் வின்செஸ்டர் பக்கம் போனார்கள். 1963-இல் ரெமிங்டன் அதே தோட்டாவை 9 அங்குல முறுக்கோடு 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயர் மாற்றி விற்றது.

பிறகு பழைய .243 ஒன்று வாங்கினேன். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. மிச்சமிருந்த அதே 80 கிரெயின் குண்டுகளை அதில் நிரப்பிச் சுட்டேன்: ஐந்தும் ஒன்றரை அங்குலத்துக்குள், எல்லாம் வட்டத் துளை. செப்டம்பரில் மெண்டசினோ காட்டில் கவைக்கொம்புள்ள கருவால் மான் ஒன்று. 90 கஜம் இருக்கும். நாற்பது அடி ஓடி விழுந்தது.

——

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் விஸ்கான்சினில் இருக்கிறேன். என்னுடையது .223, அதுவும் 12 அங்குல முறுக்குதான். ஆகஸ்ட் வெயிலில் 65 கிரெயின் ஈயக் குண்டு தாளில் ஒரே இடத்தில் ஒழுங்காகக் குழுமியது. நவம்பர் சீசனுக்கு முந்தின நாள், மைனஸ் பத்து டிகிரியில், அதே தோட்டா தாள் முழுக்கச் சிதறியது. குளிர்காற்று அடர்த்தி அதிகம். சுழற்சி மட்டுமட்டாக இருந்து விளிம்பில் நிற்கும் குண்டைக் கவிழ்த்துவிடும். அந்த சீசனுக்கு மாமனாரின் .30-30 ரைஃபிளை எடுத்துப் போனேன். அதிலும் 12 அங்குலம்தான், ஆனால் 170 கிரெயின் குண்டு தடியாகவும் மொட்டையாகவும் இருப்பதால் அதற்கு அந்தச் சுழற்சி தாராளம். ஆகவே 12 என்ற எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

அந்தப் பெரியவரிடம் சொன்னீர்களா அண்ணா? என்ன சொன்னார்?