கல்யாண மண்டபச் சுவரில் மதுபனி மீனாட்சி: வரையலாமா, கூடாதா?

திருநகர்க்காரன்:
எங்கள் அண்ணனுக்குத் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் இருக்கிறது. மேடைக்குப் பின்சுவரில் மீனாட்சி திருக்கல்யாணத்தை மதுபனி பாணியில் போடலாம் என்கிறாள் அண்ணன் மகள். பீகாரில் மிதிலைப் பக்கத்துப் பெண்கள் வீட்டுச் சுவர்களில் வரைந்து வந்தார்களே, அந்த ஓவியம். வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. உங்கள் கருத்து?

தெற்குமாசி:
வேண்டாம் தம்பி. மதுரை மீனாட்சி கோயிலில் ஊஞ்சல் மண்டப விதானத்தில் இதே திருக்கல்யாணம் இருக்கிறது, ராணி மங்கம்மாளும் அதில் உண்டு. அதைப் பார்த்து வரைய ஆள் கிடைக்காதா? மதுபனியில் முகம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும், தெரிவது ஒரு கண். அங்கயற்கண்ணியை ஒற்றைக் கண்ணோடு நிறுத்தினால் கும்பிட வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

வைகைக்கரை:
அந்த ஒரு கண்ணைப் பார்த்திருக்கிறீர்களா அண்ணே? முகத்தில் பாதி அதுதான், வால் நீண்ட மீன் மாதிரியே இருக்கும். அப்புறம், மிதிலையில் புதுமணத் தம்பதிக்கென்று ஓர் அறை ஒதுக்கி, அதன் சுவரில் தாமரை, மூங்கில், மீன், கிளி எல்லாம் எழுதுவார்கள். கோஹ்பர் என்று பெயர். மீனும் கிளியும் இருக்கிற கல்யாணப் படத்துக்கு மதுரையில் இடமில்லையா? கதையும் தூரமில்லை. அவர்கள் ஊர்ப் பெண் சீதை உழுத சாலில் கிடைத்தவள். நம் பெண் மலயத்துவச பாண்டியன் வேள்வித் தீயில் வந்தவள்.

தெற்குமாசி:
கதை கிட்டத்தில் இருப்பதுதான் எனக்குப் பயம். சிவன் கல்யாணம் என்றதும் வடக்கே கைப்பழக்கத்தில் வருவது பார்வதி கல்யாணம். பெண்ணைக் கொடுக்க இமவான் நிற்பார். நமக்குத் தாரை வார்ப்பவர் பெருமாள், பெண்ணுக்கு அண்ணன். கம்பத்தடி மண்டபத் தூணைப் பாருங்கள்: நடுவில் அம்மன், ஒரு பக்கம் சொக்கர், மறுபக்கம் பெருமாள். சித்திரையில் பரங்குன்றத்திலிருந்துதானே பவளக்கனிவாய்ப் பெருமாள் முருகனோடு கிளம்பி வருகிறார்? அதே ஊர் மண்டபத்தில் அவரை விட்டுவிட்டு வரைந்தால் முதல் பந்தியிலேயே பாட்டிமார் கேட்டுவிடுவார்கள்.

சொக்கிகுளம்:
பெருமாளைச் சேர்க்கச் சொன்னால் சேர்க்கப் போகிறார்கள், அதற்காகப் பாணியே கூடாதா? நீங்கள் ஊஞ்சல் மண்டபத்தை 'நம்ம பாணி' என்கிறீர்கள். அது நாயக்கர் காலத்து ஓவியம். மங்கம்மாள் பேரனுக்காக ஆட்சியைப் பார்த்தது 1689 முதல் 1706 வரை. அந்தப் படங்களில் தெலுங்கு எழுத்தும் உண்டு. அன்றைக்கும் ஒரு தெற்குமாசிக்காரர் கீழே நின்று 'இது நம்ம ஊர் மாதிரி இல்லையே' என்று சொல்லியிருப்பார்!

தெற்குமாசி:
சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்ளவில்லை. நாயக்கர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து, கோபுரம் எழுப்பி, திருவிழா நடத்தி இந்த ஊரோடு கலந்தவர்கள். கூரியரில் வருகிற பாணிக்கு அது ஈடாகுமா?

வில்லாபுரம் பெயிண்டர்:
எல்லாரும் புராணம் பேசுகிறீர்கள், வரையப் போவது யார்? அந்த வேலையில் எல்லைக்கோடு இரட்டையாகப் போகும். இரண்டு கோட்டுக்கும் நடுவே சின்னச் சின்னக் குறுக்குக் கோடு போட்டு அடைக்க வேண்டும். உருவங்களுக்கு இடையில் வெற்றிடமே விடமாட்டார்கள், பூ, இலை, பறவை என்று நிரப்புவார்கள். ரோலர் பிடித்த கைக்கு அது வராது, எனக்கும் வராது. உண்மையைச் சொல்லுங்கள் சார், நெட்டில் படம் எடுத்து வினைல் ஒட்டத்தானே யோசனை?

திருநகர்க்காரன்:
வினைலுக்கும் கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். கை வேலையோடு பார்த்தால் விலை ரொம்பக் குறைவு.

வைகைக்கரை:
அப்படியானால் நான் தெற்குமாசி அண்ணன் கட்சி. சாணம் மெழுகிய மண்சுவரில் இருந்த இந்த ஓவியம் காகிதத்துக்கு வந்து விலைக்குப் போனதே 1960களின் நடுவில் பீகாரில் வந்த வறட்சியில்தான். அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அனுப்பி, அந்தப் பெண்களுக்குக் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. வயிற்றுப்பாட்டுக்கு எடுத்த வேலை. ஜகதம்பா தேவிக்கு 1975லும் சீதா தேவிக்கு 1981லும் பத்மஸ்ரீ கிடைத்தது. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. இத்தனைக்கும் பிறகு அவர்கள் கோட்டை மெஷினில் அடித்து ஒட்டி, 'மதுபனி மண்டபம்' என்று பெருமை பேசப் போகிறீர்களா?

சொக்கிகுளம்:
அம்மா, வசதி இல்லாதவர் என்ன செய்வார்? நம் வீடுகளில் பூஜையறைச் சாமி படம் எல்லாம் அச்சடித்ததுதான். அதைக் கும்பிடவில்லையா?

வைகைக்கரை:
காலண்டர் படத்தை யாரும் கை ஓவியம் என்று சொல்லி மண்டபத்துக்கு வாடகை ஏற்றுவதில்லை சார்.

வில்லாபுரம் பெயிண்டர்:
சுவர் முழுக்க வேண்டாம். அங்கிருந்து ஒருவரை வரவழைத்து, மேடைக்கு நேர் பின்னால் ஆறடிக்கு மட்டும் வரையச் சொல்லுங்கள். சுற்றிலும் வெள்ளையடித்து விட்டுவிடலாம். பூச்சில் ஈரக்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிபண்ணுங்கள், இல்லையென்றால் யார் வரைந்தாலும் உரியும்.

திருநகர்க்காரன்:
ஆறடி என்றால் அண்ணன் சம்மதிப்பார். வரைகிறவரிடம் முதலில் பென்சில் படம் கேட்டு வாங்கி இங்கே போடுகிறேன்.

தெற்குமாசி:
போடுங்கள். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, ஆனாலும் பார்க்கிறேன். பெருமாள் கையில் தாரை வார்க்கிற கெண்டி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.